கல்வானா, கல்வாவா? 2020 அக்டோபர் 12 மும்பை மின்தடை: ஒரு நிகழ்வு ஆய்வு

அன்று திங்கட்கிழமை. காலை 10 மணி தாண்டிய சில நிமிடங்களில் மும்பையில் லைட் போனது. சென்னையில் கரண்ட் போகும். மும்பைத் தமிழர் வாயில் அது ‘லைட் போச்சு’தான். இந்த ஊரில் அது அபூர்வம் என்பதால் வீட்டு மின்பலகையின் எம்.சி.பி. சுவிட்சைத் தட்டிப் பார்த்த பிறகே பலரும் ஜன்னலுக்கு வந்தார்கள். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய தையல் கூடங்களில் மெஷின்கள் நின்றன. இட்லிக்காரர்கள் காலை வியாபாரத்தை முடித்து மறுநாள் மாவுக்கு அரிசி ஊறப்போடும் நேரம் அது. மேற்கு, மத்திய ரயில்வே இரண்டிலும் மின்சார ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனாக் காலம் என்பதால் உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை, மாநகராட்சி போன்ற அத்தியாவசியப் பணி ஊழியர்கள். மருத்துவமனைகளில் 8 மணி நேரத்துக்கான டீசல் இருப்பு வேண்டும் என்று உத்தரவு பறந்தது. பங்குச் சந்தைகள் மட்டும் தங்கள் மாற்று ஏற்பாட்டில் வழக்கம்போல ஓடின. நண்பகல் வாக்கில் முக்கியமான இடங்களுக்கு மின்சாரம் திரும்பியது, பிற்பகலில் நகரத்தின் பெரும்பகுதிக்கு. சில புறநகர்ப் பகுதிகள் அதற்கு மேலும் காத்திருந்தன.

அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 15 அன்று, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். மின்தடை தொடங்கிய இடமோ தானே பக்கத்துக் கல்வா. ஓர் எழுத்துதான் வித்தியாசம். மின்தடைக்கு நாலரை மாதம் கழித்து, எல்லை மோதலின் தொடர்ச்சியாகச் சீனாதான் சைபர் வழியில் மும்பையை அணைத்ததோ என்று இந்த இரண்டு பெயரையும் ஒரே வரியில் சேர்த்து உலகமே பேசியது. சேர்த்தது சரியா என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

மும்பைக்கு மின்சாரம் வரும் வழி

மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நிலம். அதனால் வெளி மின்சாரம் வடக்கு, கிழக்கு வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். நகரத்துக்குள்ளும் அதை ஒட்டியும் இருக்கும் உற்பத்தி என்று அந்தக் காலத்தில் கணக்கில் இருந்தவை இவை: டாடாவின் டிராம்பே நிலையத்தில் 5-ஆம் யூனிட் 500 மெகாவாட், 7-ஆம் யூனிட் 180, 8-ஆம் யூனிட் 250, மலையடிவாரத்தில் கோபோலி, பிவ்புரி, பிரா என்ற மூன்று நீர்மின் நிலையங்கள் சேர்த்து 447, வடக்கே தஹானுவில் அதானியின் அனல் நிலையம் 500. கூட்டினால் 1,877 மெகாவாட். எல்லாம் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடுவதில்லை. வெளியிலிருந்து வாங்குவது மலிவு என்றால் உள்ளூர் யூனிட்டைக் குறைத்து ஓட்டுவார்கள். விலை வரிசைப்படி வாங்கச் சொல்லும் விதியும் அதைத்தான் சொல்கிறது. மீதிப் பசியைத் தீர்ப்பது மாநில அரசின் மின்தொடரமைப்பு நிறுவனமான மகாடிரான்ஸ்கோவின் கல்வா, கார்கர் போன்ற பெரிய சப்ஸ்டேஷன்கள்.

அன்று நடந்ததை மாநில எரிசக்தி அமைச்சர் நிதின் ராவுத் அன்றே சொன்னார். கல்வா–பட்கா 400 கே.வி. தொடரில் உள்ள இரண்டு சர்க்யூட்களில் (தனித்தனி மின்கம்பித் தடங்கள்) முதல் சர்க்யூட் பராமரிப்பில் இருந்தது. அதன் லோடு (மின்சுமை) முழுவதும் இரண்டாவது சர்க்யூட்டின் தலையில். அந்த இரண்டாவதில் திடீரென்று கோளாறு. டாடா பவர் அறிக்கையில் அடுத்த கட்டம் இருக்கிறது: 10:10 மணிக்குக் கல்வா, கார்கர் சப்ஸ்டேஷன்கள் ஒரே சமயத்தில் டிரிப் ஆயின (தானாகத் துண்டித்துக்கொண்டன), மும்பை மின்தொகுப்பின் அலைவெண் (இயல்பாக 50 ஹெர்ட்ஸ்) பெருமளவு சரிந்தது, சப்ளை நின்றது.

இந்த இரண்டு அறிக்கைகளுமே ஒரு பழக்கப்பட்ட வியாதியைத்தான் விவரிக்கின்றன. மின்தொகுப்பு நடத்துகிறவர்களுக்கு ‘என் மைனஸ் ஒன்’ என்பது அரிச்சுவடி: எந்த ஒரு உறுப்பு போனாலும் மீதி உறுப்புகள் தாங்க வேண்டும். ஒரு சர்க்யூட்டைப் பராமரிப்புக்கு எடுத்துவிட்டால் கணக்கு அங்கேயே மாறிவிடுகிறது. மிச்சம் இருப்பதில் இன்னொன்று போனால் தாங்குமா என்று பார்த்து, தாங்காது என்றால் நகரத்தை ஒட்டிய நீர்மின் நிலையங்களையும் டிராம்பேயையும் முன்கூட்டியே ஏற்றி, வெளி வரவைக் குறைத்துவிட வேண்டும். அக்டோபர் வெயில் மும்பையில் இரண்டாவது கோடை, ஏ.சி. லோடு ஏறும் காலை 10 மணிக்கு அந்தக் குறைப்பைச் செய்யாவிட்டால் ஒற்றைக் கம்பியில் நடக்கிற கதைதான்.

ஒற்றைச் சர்க்யூட் ஏன் விழும்? காரணங்கள் சாதாரணமானவை. இரட்டை மடங்கு கரண்ட் ஓடும்போது, மாதக்கணக்கில் லேசாகத் தளர்ந்திருந்த கோபுரத்தில் கம்பியைக் கம்பியோடு சேர்க்கும் ஒரு ஜம்பர் இணைப்பு சூடேறி உருகும். தெர்மல் கேமராவில் முன்பே சிவப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய இடம் அது. கம்பி சூட்டில் நீண்டு தொய்ந்து அடியில் உள்ள மரத்தை நெருங்கும். மழைக்காலம் கழுவிவிட்ட இன்சுலேட்டர்களில் கடல் உப்பும் தொழிற்சாலைத் தூசியும் மீண்டும் படியத் தொடங்கும் பருவமும் இதுவே. நான்காவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. டிஸ்டன்ஸ் ரிலே என்பது கோளாறு கண்டால் லைனை வெட்டச் சொல்லும் காவல் கருவி; வோல்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்த்து முடிவெடுக்கும். கரண்ட் ஏறி வோல்டேஜ் இறங்கினால் வகுத்து வரும் எண் சின்னதாகும்; தூரத்தில் எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று ரிலே நினைத்துக்கொண்டு நல்ல லைனையே வெட்டிவிடும்.

2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு வட இந்தியா இருண்டது இப்படித்தான். பினா–குவாலியர் 400 கே.வி. தொடரில் ஒரு சர்க்யூட் தரம் உயர்த்தும் பணிக்காக எடுக்கப்பட்டிருந்தது. மற்றொன்றை, தூரத்துக் கோளாறைக் கவனிக்கும் ரிலேயின் ‘மூன்றாம் மண்டலம்’, ஓவர்லோடை ஃபால்ட் (கோளாறு) என்று எண்ணி வெட்டியது. மறுநாள் நாட்டின் மின்தொகுப்பில் மூன்று மண்டலங்கள் விழுந்தன, ஏறக்குறைய 48,000 மெகாவாட் லோடு போனது. அப்போதும் சைபர் தாக்குதல் பேச்சு எழுந்தது; விசாரணைக் குழு அதைத் தனியாக ஆராய்ந்து, இல்லை என்று எழுதி வைத்தது. ஒன்று பராமரிப்பில், இன்னொன்று டிரிப். எட்டு வருடம் கழித்துக் கல்வாவில் அதே வாய்ப்பாடு.

தீவு ஏன் நிற்கவில்லை

மும்பைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு: வெளித்தொகுப்பு விழுந்தாலும் நகரம் தானாகப் பிரிந்து தன் ஜெனரேட்டர்களில் நிற்கும் என்று. 1980-களிலிருந்து இருக்கும் ‘ஐலண்டிங்’ ஏற்பாடு அது. அன்று அது கைகொடுக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். பல முறை காப்பாற்றியது இந்த முறை மட்டும் ஏன் தவறியது, யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய அளவுகள் அல்ல, இயல்பு புரிவதற்காக. தனித்துவிடப்பட்ட நகரத்தின் லோடு 2,000 மெகாவாட். உள்ளே ஓடும் ஜெனரேட்டர்கள் தருவது 1,000. அந்த இயந்திரங்களின் மொத்தத் திறன் 1,300 எம்.வி.ஏ., சுழலும் நிறையில் சேமித்திருக்கும் ஆற்றல் முழுத் திறனில் 4 விநாடி ஓடுவதற்கு ஈடு. பற்றாக்குறை 1,000. அலைவெண் சரியும் வேகம்: 50-ஐ 1,000-ஆல் பெருக்கி, 2 × 4 × 1,300-ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.8 ஹெர்ட்ஸ்.

அப்போதைய ஏற்பாட்டில் அலைவெண் குறைந்தால் தானாக லோடை வெட்டும் ரிலேக்கள் 49.2, 49.0, 48.8, 48.6 என்று நான்கு படிகளில் இருந்தன. விநாடிக்கு 4.8 ஹெர்ட்ஸ் வேகத்தில் முதல் படியிலிருந்து நாலாம் படிக்குப் போக 0.125 விநாடி. அலைவெண்ணை அளந்து முடிவெடுக்க ரிலேக்கு 150 மில்லி விநாடி போல வேண்டும், பிரேக்கர் என்ற பெரிய சுவிட்ச் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்க இன்னொரு 50, 60. அதாவது முதல் படியின் ஃபீடர்கள் (தெருக்களுக்குப் போகும் விநியோக லைன்கள்) வெட்டுப்படும் முன்பே அலைவெண் நாலு படியையும் தாண்டிக் கீழே போய்விடுகிறது. அரை விநாடிக்குச் சற்று மேலே 47.5. அங்கே டர்பைன் பிளேடுகளைக் காக்க ஜெனரேட்டர்கள் தாங்களே கழன்றுகொள்ளும். அதற்குப் பிறகு தீவு இல்லை, இருட்டு மட்டும்.

அதே நகரத்தில் பற்றாக்குறை 200 மெகாவாட் மட்டும் என்றால் சரிவு ஐந்தில் ஒரு பங்கு. படிகளுக்கு இடையே 200 மில்லி விநாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கும், ரிலே தன் வேலையைச் செய்யும், தீவு நிற்கும். ஆகவே தீவு பிழைக்குமா என்பது பிரியும் கணத்தில் உள்ளே எவ்வளவு உற்பத்தி ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது. சரிவின் வேகத்தையே பார்த்து வெட்டும் ரிலேக்கள் உண்டு. அவற்றையும் லோடு வளர வளரத் திருத்தி அமைக்க வேண்டும். நகரம் வளர்ந்து, உள்ளூர் உற்பத்தி அப்படியே இருந்தால், 1980-களில் காப்பாற்றிய ஏற்பாடு 2020-இல் காப்பாற்றாமல் போக ஹேக்கர் தேவையில்லை.

திரும்பக் கொண்டுவர ஏன் அவ்வளவு நேரம் என்பதும் பலரைக் குழப்பியது. அனல் நிலையம் தன்னை எழுப்பிக்கொள்ளவே மின்சாரம் கேட்கும். விசிறிகள், கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புகள் என்று தன் உற்பத்தியில் 6 முதல் 8 சதவீதம். 500 மெகாவாட் யூனிட்டுக்கு 30, 40 மெகாவாட். நீர்மின் நிலையத்துக்கு அவ்வளவு வேண்டாம். வால்வைத் திறக்க ஒரு பேட்டரியும் சிறு டீசல் செட்டும் போதும். அதனால் கோபோலி, பிவ்புரி, பிரா முதலில். அங்கிருந்து லைனுக்கு உயிர் கொடுத்து டிராம்பேக்கு. வெறும் லைனுக்கு உயிர் கொடுத்தால் மறுமுனையில் வோல்டேஜ் எகிறும், ஃபெரான்டி விளைவு. அதை அடக்கக் கொஞ்சம் லோடைக் கோக்க வேண்டும். ஆனால் இருட்டில் காத்திருந்த ஏ.சி., ஃப்ரிட்ஜ், லிஃப்ட் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். ஒரு ஃபீடர் வழக்கமாக இழுப்பதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். பெரிய துண்டாகக் கோத்தால் மறுபடி விழும். அன்று தஹானுவிலிருந்து ஏறக்குறைய 385 மெகாவாட் அத்தியாவசிய இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் தெருவுக்கு வராததற்குக் காரணம் பாரபட்சம் அல்ல, இந்தச் சின்னத் துண்டு வேலைதான்.

சந்தேகம் வந்த வழி

மால்வேர் (கணினிக்குள் புகும் தீய மென்பொருள்) சந்தேகம் நவம்பரிலேயே மும்பைப் பத்திரிகைகளில் எட்டிப் பார்த்தது. வெடித்தது 2021 பிப்ரவரி 28. அமெரிக்காவின் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற நிறுவனம், ‘ரெட் எக்கோ’ என்று தான் பெயரிட்ட சீனத் தொடர்புள்ள குழு ஒன்று ஷேடோபேட் என்ற மால்வேரின் கட்டுப்பாட்டு சர்வர்கள் வழியாக இந்திய மின்துறைக்குள் நுழைந்திருக்கிறது என்றது. நியூயார்க் டைம்ஸ் அதை மும்பை இருட்டோடு சேர்த்து எழுதியது. மறுநாளே மாநில உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக், சைபர் பிரிவின் அறிக்கையை வெளியிட்டார்: மின்வாரிய சர்வர்களில் 14 ட்ரோஜன்கள் (வேடம் போட்டு நுழையும் மால்வேர்) இருந்திருக்கலாம், வெளிநாட்டு சர்வரிலிருந்து கணக்கில் வராத 8 ஜிபி தரவு வந்திருக்கிறது, கறுப்புப் பட்டியலில் உள்ள முகவரிகளிலிருந்து உள்நுழைய முயற்சி நடந்திருக்கிறது. அதற்கு மறுநாள், மார்ச் 2, மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங்: மும்பையில் நடந்தது மனிதத் தவறு, சைபர் ஊடுருவல்கள் நடந்தது உண்மை, ஆனால் அவற்றுக்கும் இந்த மின்தடைக்கும் தொடர்பு இல்லை, சீனாவோ பாகிஸ்தானோ செய்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. சீன வெளியுறவுத் துறை வழக்கம்போல மறுத்தது.

மாநிலத்தில் ஒரு கூட்டணியின் ஆட்சி, மத்தியில் அதை எதிர்க்கும் கட்சியின் ஆட்சி. லைன் மாநில அரசின் நிறுவனத்துடையது. எல்லை மத்திய அரசின் பொறுப்பு. நாசவேலை என்றால் லைன்காரர்கள் தப்பிப்பார்கள். மனிதத் தவறு என்றால் எல்லைக்காரர்கள் தப்பிப்பார்கள். இதில் பணமும் உண்டு. தொடரமைப்பு நிறுவனத்தின் வருமானம், லைன் எவ்வளவு நேரம் தயார் நிலையில் இருந்தது என்ற சதவீதத்தோடு கட்டப்பட்டது. புயல், போர் போல கைமீறிய நிகழ்வு என்றால் அந்த நேரம் கழிக்கப்படும். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பேசினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரு தரப்பு அறிக்கையையும் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ரெக்கார்டட் ஃபியூச்சரின் பட்டியலைத் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. மொத்தம் 12 அமைப்புகள். மின்துறையில் 10: மின்தொகுப்பின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஐந்து மண்டல லோடு டிஸ்பாட்ச் மையங்களில் நான்கு, தெலங்கானா, டெல்லி மாநில மையங்கள், டெல்லியின் டிக்ரி கலான் சப்ஸ்டேஷன், கர்நாடகத்தின் குட்கி அனல் நிலையம் போன்றவை. மீதி இரண்டும் துறைமுகங்கள்: ஒன்று மும்பை, மற்றொன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். மகாடிரான்ஸ்கோ அந்தப் பட்டியலில் இல்லை. கல்வா சப்ஸ்டேஷன் இல்லை. மகாராஷ்டிர மாநில மையமும் இல்லை. மும்பையில் இருக்கும் மேற்கு மண்டல மையம் இருக்கிறது, ஆனால் அது வேறு விஷயம், சொல்கிறேன். அந்த நிறுவனமே மின்தடைக்கும் ஊடுருவலுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்றுதான் எழுதியது. அது பார்த்தது வெளியிலிருந்து, வலைப் போக்குவரத்தை. இந்தியக் கணினிகளுக்குள் போய் மால்வேரைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு இல்லை.

மண்டல மையம் என்பது சுவிட்ச் போர்டு அல்ல. அது கண்காணிக்கும், கணக்குப் போடும், உத்தரவு கொடுக்கும். ஒரு லைனைத் திறக்க வேண்டும் என்றால் மையத்தில் இருப்பவர் போனில் குறியீட்டு எண் கொடுப்பார், சப்ஸ்டேஷன்காரர் அதைப் பதிவேட்டில் எழுதி, தன் கையால் அல்லது தன் நிறுவனத்தின் ரிமோட் மையம் வழியாகத் திறப்பார். மண்டல மையத்தின் கணினியில் மால்வேர் இருந்தால் எதிரிக்குத் தொகுப்பின் வரைபடம் தெரியும், எந்த லைன் எப்போது ஷட்டவுன் என்ற அட்டவணை தெரியும். அதுவே பெரிய சமாச்சாரம். ஆனால் அங்கிருந்து கல்வா பிரேக்கரைத் தட்ட முடியாது.

8 ஜிபி என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்க மிரட்டலாக இருக்கும். விண்டோஸின் ஒரு பெரிய அப்டேட்டே சில ஜிபி வரும். எந்தக் கணினி, அலுவலக வலையா கட்டுப்பாட்டு வலையா, எந்த நாள் என்று சேர்த்துச் சொல்லாதவரை அந்த எண்ணுக்கு எடை இல்லை. 14 ட்ரோஜன்களுக்கும் இதே கேள்விதான்.

நாசவேலை விட்டுச்செல்லும் தடம்

மின்தொகுப்பில் நிஜமான நாசவேலை எப்படி இருக்கும் என்பதற்கு உலகத்தில் நல்ல மாதிரிகள் உள்ளன. 2013 ஏப்ரல் 16 நள்ளிரவுக்குப் பின் கலிஃபோர்னியாவின் மெட்காஃப் சப்ஸ்டேஷனில் முதலில் வெளியே இருந்த ஃபைபர் கேபிள்களை வெட்டினார்கள். பிறகு துப்பாக்கியால் 17 டிரான்ஸ்ஃபார்மர்களின் எண்ணெய்த் தொட்டிகளைத் துளைத்தார்கள். தோட்டா உறையும் வெட்டுத் தடமும் கிடைத்தன. 2015 டிசம்பர் 23 உக்ரைன்: பல மாதங்களுக்கு முன்பே அலுவலகக் கணினிகளில் நுழைந்து கடவுச்சொற்களை எடுத்து, அன்று மாலை மூன்று விநியோக நிறுவனங்களில் ஏறக்குறைய 30 சப்ஸ்டேஷன்களின் பிரேக்கர்களைத் திறந்தார்கள். ஆபரேட்டர் மவுஸைத் தொடவே இல்லை, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்துகொண்டே போனது. திரும்ப மூட முடியாதபடி தொடர்பு மாற்றிகளின் ஃபர்ம்வேரை அழித்தார்கள், கட்டுப்பாட்டு அறையின் யு.பி.எஸ்ஸை நிறுத்தினார்கள், புகார் எண்களைப் பொய் அழைப்புகளால் அடைத்தார்கள். 2,25,000 வாடிக்கையாளர்கள் சில மணி நேரம் இருட்டில். ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு சப்ஸ்டேஷன் சப்ஸ்டேஷனாகப் போய்க் கையால் மூடினார்கள்.

இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு: தாக்குகிறவன் மீட்பையும் தடுக்கப் பார்க்கிறான். மும்பையில் கட்டுப்பாட்டு அறைகள் உயிரோடு இருந்தன, நீர்மின் நிலையம் தன் வரிசைப்படி எழுந்தது.

அதைவிட உறுதியான சாட்சி டி.ஆர். தாள். டிஸ்டர்பன்ஸ் ரிக்கார்டர் என்ற பெட்டி ஒவ்வொரு 400 கே.வி. லைனிலும் இருக்கும், ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு கட்டப்பட்டது. மேலே மூன்று ஃபேஸ் வோல்டேஜ் அலைகள், நடுவில் மூன்று கரண்ட் அலைகள், அடியில் ரிலே சிக்னல்கள் நேர்கோடுகளாக. நிஜ ஃபால்ட் என்றால் ஒரு ஃபேஸில் கரண்ட் பல மடங்கு ஊதும், அதே ஃபேஸ் வோல்டேஜ் சுருங்கும், 20, 30 மில்லி விநாடியில் டிரிப் கோடு எழும், மொத்தம் 100 மில்லி விநாடிக்குள் கரண்ட் பூஜ்யம். ஓவர்லோடில் ரிலே ஏமாந்தது என்றால் மூன்று ஃபேஸும் சேர்ந்து தடித்திருக்கும், வோல்டேஜ் மெல்லச் சரிந்திருக்கும், ரிலே கொஞ்சம் யோசித்துவிட்டு வெட்டியிருக்கும். யாரோ தொலைவிலிருந்து திறந்தார்கள் என்றால்? கரண்ட் சாதாரணம், வோல்டேஜ் சாதாரணம், ரிலே கோடு ஒன்றுகூட எழவில்லை, பிரேக்கர் மட்டும் திறந்திருக்கும். ஈவென்ட் லாகரில் ரிமோட் கட்டளை என்று ஒரு வரி நிற்கும், ஆபரேட்டர் டைரியில் அது இருக்காது. ரிலேயின் செட்டிங்கை ரகசியமாக மாற்றியிருந்தால் அதுவும் தெரியும். ரிலேயிலிருந்து செட்டிங் ஃபைலை இறக்கி, ஒப்புதல் பெற்ற தாளோடு வரி வரியாக ஒப்பிட்டால் போதும். இந்தப் பதிவுகளை 24 மணி நேரத்துக்குள் லோடு டிஸ்பாட்ச் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நாடு முழுக்க இருக்கும் பி.எம்.யு. என்ற அளவுக் கருவிகளோ விநாடிக்கு 25 முறை அலைவெண்ணைப் பதிகின்றன. மண்டல மையங்கள் ஒவ்வொரு பெரிய டிரிப்புக்கும் அறிக்கை போடுகின்றன. டி.வி.யில் சண்டை நடக்கும் நேரத்தில் பதில் இந்தத் தாள்களில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு வேடிக்கை: விதிப்படி மண்டல லோடில் 10 சதவீதத்துக்குக் கீழ் இழந்தால் அது மிகச் சிறிய வகை, ஜி.டி. 1. மேற்கு மண்டலத்தின் லோடு 40,000 மெகாவாட்டுக்கு மேல். ஏறக்குறைய 2,000 மெகாவாட் போன மும்பை அந்த அளவுகோலில் கடைசிப் படி.

அக்டோபர் 12-இன் வரிசையை இந்த உரைகல்லில் தேய்த்தால், ஒவ்வொரு படிக்கும் அதற்கு முந்தைய படியே காரணமாக நிற்கிறது. ஷட்டவுன், அதனால் லோடு மாற்றம், அதனால் அழுத்தம், அதன்மேல் கோளாறு, அதனால் சரிவு, அதனால் தீவு மூழ்கல். எங்கும் ஓர் ஓட்டை இல்லை, வெளியாள் வந்துதான் அடைக்க வேண்டும் என்று.

இரண்டும் நிஜம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பழம் விழுந்தது நிஜம். காக்கை உட்கார்ந்ததும் நிஜம். மத்திய மின் அமைச்சகமே சொன்னது: 2020 நவம்பர் 19 அன்று, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், சில கட்டுப்பாட்டு மையங்களில் ஷேடோபேட் இருப்பதாக எழுதியது, 2021 பிப்ரவரி 12 அன்று முக்கியக் கட்டமைப்புகளைக் காக்கும் தேசிய மையம் ரெட் எக்கோ பற்றி எழுதியது. முகவரிகள் ஃபயர்வாலில் அடைக்கப்பட்டன, தரவு எதுவும் போகவில்லை என்றது அமைச்சகம். இரண்டு எச்சரிக்கைகளும் அந்த அமெரிக்க அறிக்கைக்கு முன்பு வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிப் பக்கம். அவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 2019 அக்டோபர் 19 அன்று கூடங்குளத்தின் 2-ஆம் உலை நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் குறைந்து நின்றது. ஒன்பது நாள் கழித்து டி-ட்ராக் மால்வேர் செய்தி வெளியானது. அக்டோபர் 29-இல் நிலையம் ‘எதுவும் இல்லை’ என்றது. 30-இல் அணுமின் கழகம் ‘ஆம், நிர்வாக வலையில் ஒரு கணினியில் இருந்தது, செப்டம்பர் 4-லேயே செர்ட்-இன் சொல்லிவிட்டது’ என்றது. உலை நின்றதும் மால்வேரும் தனித்தனி. ஆனால் அந்த ஒரு நாள் மறுப்புக்குப் பிறகு ‘அண்ணாச்சி, இவங்க சொல்றத எப்படி நம்புறது’ என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மும்பை விஷயத்தில் ‘மனிதத் தவறு’ என்ற விளக்கம் எடுபடாமல் போனதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலும் இதே நோய். 2022 செப்டம்பரில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் கடலடி எரிவாயுக் குழாய்களான நார்டு ஸ்ட்ரீம் வெடித்த பிறகு ஐரோப்பாவில் எது நின்றாலும் முதல் சந்தேகம் பினாமிப் போர். 2025 மார்ச் 20 இரவு லண்டனில் நார்த் ஹைட் சப்ஸ்டேஷன் எரிந்து ஹீத்ரோ விமான நிலையம் மறுநாள் முழுக்க ஏறக்குறைய மூடிக் கிடந்தபோது, விசாரணையை எடுத்தது பயங்கரவாதத் தடுப்புப் போலீஸ். ஜூலையில் வந்த அறிக்கை என்ன சொன்னது? டிரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங்கில் (கம்பி உள்ளே நுழையும் இடத்து இன்சுலேட்டர்) ஈரம் புகுந்ததுதான் பெரும்பாலும் காரணம். 2018 ஜூலையிலேயே எண்ணெய்ச் சோதனையில் ஈரம் தென்பட்டிருந்தது, யாரும் சரிசெய்யவில்லை. ஏழு வருடம். ஏப்ரல் 28 ஸ்பெயின், போர்ச்சுகல் இருட்டும் அப்படியே: சைபர் சந்தேகத்தில் நீதிமன்ற விசாரணை தொடங்கி, வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறியதில் முடிந்தது.

ஊடுருவுகிறவன் பக்கமிருந்து பார்த்தால் மும்பைச் சந்தேகம் அவனுக்குக் கூலியில்லாமல் கிடைத்த விளம்பரம். ஒரு பிரேக்கரையும் தொடாமல், ‘நினைத்தால் மும்பையை அணைப்பான்’ என்ற பெயர். மறைமுகப் போரில் அந்தப் பெயருக்கே பாதி விலை. இன்னொரு பக்கம், எதிரியைத் தேடும் அவசரத்தில் ஜம்பர் இணைப்பும் தீவுக் கணக்கும் பேசப்படாமல் போகின்றன. மும்பைக்கு வெளி மின்சாரம் கொண்டுவரக் கூடுதல் வழி வேண்டும் என்பது பல வருடம் கிடந்த திட்டம். கார்கர்–விக்ரோலி 400 கே.வி. லைன் 2023 அக்டோபரில்தான் உயிர் பெற்றது, கூடுதலாக 1,000 மெகாவாட் சுமக்க.

காக்கையும் சும்மா இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் அதே ரெக்கார்டட் ஃபியூச்சர் மறுபடி எழுதியது: லடாக் எல்லையை ஒட்டிய வட இந்தியாவில் குறைந்தது 7 மாநில லோடு டிஸ்பாட்ச் மையங்கள் குறிவைக்கப்பட்டிருக்கின்றன. லடாக் அருகே இரண்டு முயற்சிகள் நடந்தன, பலிக்கவில்லை என்று ஆர்.கே. சிங் ஒப்புக்கொண்டார். அந்த முறை ஊடுருவப் பார்த்தவர்கள் நடுவழித் தாவுபலகையாகப் பயன்படுத்தியவை பெரிய சர்வர்கள் அல்ல. இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்த கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றின் காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டிகளும்தான். கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி, போனில் பார்ப்பதற்காக இணையத்தில் இணைத்து, வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டிருக்கும் அதே வகைப் பெட்டி.